முதல் அண்டா

ஊருக்கெல்லாம் சோறு தேடி ஓடிவிட்டு, தன் தட்டுச் சோற்றை மட்டும் ஆறிப்போன பிறகே தின்ற என் செல்லத் தம்பி தினாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. போனில் கூப்பிட்டுத் திட்டினாலே வேலை முடிந்துவிடும். இப்போது உன் நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். போன வாரம் பழக்க தோஷத்தில் அமுக்கிவிட்டேன். ஒரு பெண் எடுத்து, யாருங்க வேணும் என்று கேட்டாள். யார் வேண்டும் என்று அவளிடம் சொல்வது? வைத்துவிட்டேன்.

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வரவில்லை. அதனால் முதலில் திட்டிவிடுகிறேன். ஏண்டா அவ்வளவு வேகமாகப் போனாய்? ஒரு அண்டா சாம்பார் சாதம்தானே? புளித்தால் புளித்துத் தொலையட்டும், மாட்டுக்குக் கொட்டிக்கொள்ளலாம் என்று விட்டுத் தொலைக்க உனக்கு மனசு வந்திருக்கக் கூடாதா?

பௌர்ணமி முடிந்த காலை அது. மலையைச் சுற்றிய கூட்டம் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது. கிரிவலப் பாதையில் ஒரு அன்னதானப் பந்தலில் இருந்து உனக்கு போன் வந்தது. ஒரு அண்டா அப்படியே மீந்து நின்றுவிட்டது, உடனே வந்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் கொட்டிவிட்டு நாங்கள் வண்டி ஏறுகிறோம் என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாம்பார் சாதம் வெயிலுக்குக் காத்திருக்காது என்பது உனக்குத் தெரியும். மொபெட்டில் அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பறந்திருக்கிறாய். வளைவில் ஒரு பஸ் திரும்பியிருக்கிறது. பஸ்காரர் மேல் தப்பில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் வந்து சேர்ந்தபோது ரோடெல்லாம் சோறு. அதைத்தான் முதலில் பார்த்தேன். உன்னை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

அந்த மலையை அன்றிலிருந்து நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்த ஊரில் அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். எந்தத் தெருவில் திரும்பினாலும் எதிரில் வந்து நிற்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். பாரம் தூக்குகிறவள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

சரி, சேதி சொல்கிறேன். நல்ல சேதி கம்மி. கடை சாகக் கிடக்கிறது, தினா.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு காபிக் கடையில் நீ வேலைக்கு இருந்தாய். சாயந்திரம் கடை அடைக்கும்போது யார் கையும் படாத ரொட்டி, கேக், வேகவைத்த காய் எல்லாம் கறுப்புப் பைக்குள் போகும். அந்தப் பையை நீதான் வெளியே எடுத்துப்போய் வைக்க வேண்டும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சுவரோரமாகக் காவி கட்டினவர்களும் கட்டாதவர்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேலை உன்னால் முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் வேங்கிக்காலில் என் மெஸ்ஸுக்கு வந்தாய். ஆபீஸ்காரர்கள் சாப்பிட்டுப் போய், நான் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாய்.

"அக்கா, இந்த ஊர்ல சோறு கம்மியே இல்ல. ஜாஸ்தி. போற வழிதான் தப்பா இருக்குது."

அப்புறம் என்ன என்று கேட்டது என் விதி. நீ விளக்கினாய். ஓட்டல், கல்யாண மண்டபம், காபிக் கடை எல்லாவற்றிலும் கை படாமல் மீந்துபோகிற சோற்றை நாம் போய் எடுக்க வேண்டும். குப்பை அள்ளுகிறவனுக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தை அவர்கள் நமக்குக் கொடுத்தால் வண்டிச் செலவு ஓடும். எடுத்ததை நான் முகர்ந்து, சூடு பண்ணி, தரம் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கடையில் சின்ன விலைக்கு விற்க வேண்டும். ஆள் தின்ன லாயக்கில்லாதது மாட்டுப் பண்ணைக்கு. இதில் தர்மம் எங்கே வருகிறது, பேசாமல் இலவசமாகப் போட்டுவிடேன் என்றேன். நீ கோபப்பட்டாய். இலவசம் என்றால் கையை நீட்ட வேண்டும், விலை என்றால் வாங்கலாம், நம்ம அம்மா எத்தனை நாள் கையை நீட்டினாள் என்று கேட்டாய்.

கடைக்குப் பெயர் வைத்தாயே ஒரு பெயர்! கடைசிப் பந்தி. போர்டை நீயே எழுதினாய், 'ப' மட்டும் கொஞ்சம் சாய்ந்துபோன போர்டு. வியாபாரம் தொடங்குகிற இடத்தில் யாராவது கடைசி என்று எழுதுவானா என்று நான் கத்தினேன். நீ சிரித்தாய். அம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கப் போவாள். நாமும் அவள் பின்னாலேயே போவோம். ஊர் சாப்பிட்டு முடிந்து, பரிமாறினவர்களும் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் நமக்கு இலை. பாயசம் தீர்ந்திருக்கும், வடை தீர்ந்திருக்கும், சாம்பாரில் தண்ணீர் ஏறியிருக்கும். நாம எப்பவும் கடைசிப் பந்திதானேக்கா, அந்தப் பந்தியை நல்லா போடணும், அவ்வளவுதான் என்றாய்.

கடை ஓடியது. இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும். ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே காத்துக்கிடந்தவர்கள் வந்தார்கள். பூ விற்கிறவர்கள் வந்தார்கள். கிரிவலப் பாதையில் தண்ணி பாட்டில் பொறுக்குகிற கோவிந்தம்மா தினமும் வருவாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை மேஜையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். கடன் சொன்னதே கிடையாது. குழம்பு சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுவாள். காசு கொடுக்கிறவள் அல்லவா, சொல்லத்தானே செய்வாள். அவள் திட்டும்போது நீ முகமெல்லாம் பூரிப்பாக நிற்பாய். கிறுக்கன்.

ஆனால் பௌர்ணமிதான் உன்னைப் பிடித்து ஆட்டியது. மலையைச் சுற்றிப் பந்தலுக்குப் பந்தல் அன்னதானம். சாம்பார் சாதம், தக்காளி சாதம், புளியோதரை, பொங்கல். நடக்கிறவர்கள் ஒரு தொன்னை வாங்கி ரெண்டு வாய் தின்பதற்குள் அடுத்த பந்தல்காரர் கையைப் பிடித்து இழுப்பார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அதை வாங்குவார்கள். விடியும்போது பாதை ஓரமெல்லாம் தொன்னை, அண்டா அண்டாவாகக் கொட்டின சோறு. நாய்கூட மோந்துவிட்டுப் போகும். மறுநாள் மத்தியானம் அதே பாதையில் கோவிந்தம்மா பசியோடு பாட்டில் பொறுக்குவாள். அதைப் பார்த்துப் பார்த்து உனக்கு வெறி பிடித்தது. ஒவ்வொரு பந்தலாகப் போய், மீதி ஆனா போன் பண்ணுங்க என்று சொல்லிவிட்டு வருவாய். யாரும் பண்ணமாட்டார்கள். பண்ணினால் கடைசி நிமிஷத்தில் பண்ணுவார்கள், சோறு புளிக்கப்போகிற நேரத்தில். நீ ஓடுவாய். அப்படித்தான் ஓடினாய்.

நீ போன பிறகு எல்லோரும் கடையை மூடிவிடச் சொன்னார்கள். நான் மூடவில்லை. பாசத்தால் என்று நினைக்காதே. வீம்பு. தம்பி உயிரைக் கொடுத்த கடையை ஒரே வாரத்தில் பூட்டினாள் என்று எவளும் பேசக் கூடாது என்ற வீம்பு. காலையில் மெஸ், சாயந்திரம் கடை. என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு உன் மாமாவும் முகம் சுளிக்காமல் ஆபீஸ் விட்டு வந்து அண்டா இறக்கினார்.

சித்திரை வெயிலில் வந்தது வினை. ஒரு மண்டபத்தில் இருந்து வெஜிடபிள் பிரியாணி எடுத்து வந்தோம். சூட்டோடு மூடி போட்டிருந்தார்கள். கடைக்கு வந்ததும் மூடியைத் திறந்து துணி போட்டு ஆறவிடுவதுதான் நம் வழக்கம். அன்றைக்குக் கோயில் பக்கம் வண்டிகளைத் திருப்பி விட்டிருந்தார்கள். ஆட்டோ எங்கெங்கோ சுற்றி, நெரிசலில் நின்று நின்று வந்தது. மூடிய அண்டா உள்ளுக்குள்ளேயே வியர்த்துக்கொண்டிருந்தது. வந்ததும் முகர்ந்தேன், தினா. சத்தியமாக முகர்ந்தேன். ஏலக்காய், பட்டை வாசம்தான் வந்தது. அதன் கீழே இருந்ததை என் மூக்கு பிடிக்கவில்லை. அன்று சாப்பிட்டவர்களில் சிலருக்கு வாந்தி. கோவிந்தம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள், சாம்பிள் எடுத்தார்கள், கடையைப் பூட்டினார்கள். அவர்கள் வேலை அது, நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். இதெல்லாம் சரி பண்ணிவிட்டுத் திறங்கள் என்று சொன்னார்கள், நானும் சரி பண்ணினேன். பூட்டைத் திறந்தார்கள். ஆனால் ஊர் வாயை யார் பூட்டுவது? எச்சில் சோற்றை விற்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மீந்ததுக்கும் எச்சிலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா இவர்கள்? தெரியும். தெரிந்தேதான் பேசினார்கள். ஓட்டல்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். உன் பழைய காபிக் கடை முதலாளி மட்டும் நேரில் வந்து, மன்னிச்சிடுங்கம்மா, என் கடை பேரும் கெட்டுப்போயிடும் என்றார். கடை வீட்டுக்காரர் இந்த மாசத்தோடு காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

உன் மாமா அதிகம் பேச மாட்டார், உனக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்: "போதும் செல்வி. அவன் நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல. நீயா தூக்கிக்கினு அலையற. எறக்கி வெச்சிடு."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பௌர்ணமி அன்று அம்மா சாப்பிடுவதில்லை, நீ போனதில் இருந்து. விரதம் என்கிறாள். விரதம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சாயந்திரமானால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருப்பேன். வெளியே கால்கள் மட்டும் தெரியும். பழக்கத்தில் வருகிறவர்களின் கால்கள். கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். ஒரு ஜோடி காலுக்கு மட்டும் போகவே மனசு வராது. யாரென்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் என்ன சொல்வேன், உள்ளே ஒன்றுமில்லை என்றா? அடுப்பு இருக்கிறது, அண்டா இருக்கிறது, கை இருக்கிறது, ஊரெல்லாம் சோறு கொட்டுகிறார்கள், ஆனாலும் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டுமா? எதற்குடா இந்த யோசனையெல்லாம் உனக்கு வந்தது? எல்லோரையும் போல அந்தக் கறுப்புப் பையை வெளியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?

கோவிந்தம்மா ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு கடைப்பக்கமே வரவில்லை. பார்க்கப் போனேன். லாட்ஜ் பின்சுவரில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். காய்ந்து போயிருந்தாள். பாட்டில் பொறுக்கவும் போகவில்லை. என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முடிவு பண்ணினேன். அடுத்த பௌர்ணமியோடு சரி. அன்றைக்கு ஒருமுறை எல்லாப் பந்தலுக்கும் போய்க் கேட்பது. கிடைத்தால் கிடைத்ததைக் கொண்டுபோய்ப் போடுவது, கிடைக்காவிட்டால் போர்டைக் கழற்றி உன் மாமா கையில் கொடுத்துவிடுவது. காலி அண்டாக்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் தாண்டிக் கிளம்பினேன். உன் மொபெட்டோடு விழுந்து நசுங்கிய அண்டாவும் அதில் இருந்தது. தட்டி நிமிர்த்திக் கொடுத்தார் உன் மாமா. முழுசாக நிமிரவில்லை.

பந்தல்களில் அப்போதுதான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் நீ கேட்டது போலவே கேட்டேன். மீதி ஆனா எங்களுக்குக் குடுங்க. முதல் பந்தலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்ததில் நம்பரை வாங்கி, நான் பார்க்கும்போதே அந்தக் காகிதத்தை மடித்து அடுப்பில் சொருகினார்கள். இன்னொன்றில், நீதானே அந்தப் பிரியாணிக் கடை என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

கடைசியாக ஒரு பந்தல். செய்யாறு பக்கத்தில் இருந்து வந்த விவசாயக் குடும்பம். பல வருஷம் கழித்து மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அந்த வேண்டுதல். என் வயதோ, என்னைவிடக் கொஞ்சம் மூப்போ, ஒரு அம்மா கையில் கரண்டியோடு நின்று சமையல்காரரை விரட்டிக்கொண்டிருந்தாள். முதல் அண்டா சாம்பார் சாதத்தை அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் போய்க் கையைக் கூப்பிக் கேட்டேன். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"இன்னும் ஒருத்தர் கையில ஒரு கரண்டி போடல. அதுக்குள்ள மீந்துபோவும்னு வந்து நிக்கறியே, நல்லா இருக்கா உனக்கு? எங்க சோத்தைத் துன்ன ஆளே வராதுன்னு சொல்றியா?"

தினா, அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. நாம் இத்தனை நாளாகக் கேட்டது சாபம் மாதிரி அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. வேண்டுதல் சோறு மீந்தால் வேண்டுதலிலேயே குறை என்று நினைக்கிறவர்களிடம் போய், மிஞ்சுமா மிஞ்சுமா என்று கேட்டிருக்கிறோம். எவன் மீந்தது என்று ஒத்துக்கொள்வான்? அதனால்தான் யாரும் போன் பண்ணவில்லை. அதனால்தான் ஊர் எழுந்திருக்கும் முன்னே கொட்டிவிட்டு ஓடினார்கள்.

இதெல்லாம் நிதானமாக யோசித்துப் பேசினேன் என்று நினைக்காதே. எனக்குத் தலைக்கு மேல் கோபம். அத்தனை பந்தலின் அவமானமும், உன் மேல் இருந்த ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"மீதியே வேணாங்க. முதல்லயே குடுங்க. நடந்து வர்றவங்களுக்கு வழியெல்லாம் ஆள் நின்னு போடறீங்க. நடக்க முடியாம படுத்துக் கெடக்கறவங்க எந்தப் பந்தலுக்கு வருவாங்க? கடைசியில கொட்டப்போற அண்டாவை முதல்ல குடுத்தா உங்க சாமி கோச்சிக்குமா?"

கத்திவிட்டேன். சமையல்காரர் கரண்டியை நிறுத்திவிட்டார். அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன், நிஜமாகவே ஓரடி பின்னால் வைத்தேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டாள். கோவிந்தம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் கிடப்பவர்களைச் சொன்னேன். பிரியாணியையும் சொன்னேன். உன்னைச் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அந்த அம்மா உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரிடம் ஏதோ பேசினாள். அவர் சரி சரி என்று தலையை ஆட்டினார். திரும்பி வந்து, அந்த முதல் அண்டாவுக்குக் கற்பூரம் காட்டினாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். வேண்டுதல் சோற்றை அவள் கையால்தான் போடுவாளாம். இன்னொருத்தர் கையில் விட மாட்டாளாம்.

"நானும் வரேன். வண்டியில எடம் இருக்குதா?"

இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை. சோற்றை நம் அண்டாக்களில் மாற்றினோம். நசுங்கிய அண்டாவில்தான் பாதிக்கு மேல். பட்டுப்புடவையும் கையில் கரண்டியுமாக ஏறி அண்டாவைக் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரர் பழக்கத்தில் வேகமாக எடுத்தார். நான் மெதுவாகப் போகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் தோன்றியது, அவசரமே இல்லை என்று. இப்போதுதான் இறக்கிய சோறு. சாயந்திரம் வரைக்கும் ஒன்றும் ஆகாது. புளிக்குமோ என்று யாரும் பறக்க வேண்டாம். அந்த வளைவு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தினமும் மூடிக்கொள்வதுதான். ஆனால் அன்றைக்கு மூடிய கண்ணுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இந்த ஒரு வார்த்தை முன்னாலேயே நம் வாயில் வந்திருக்கக் கூடாதா? மீதியைக் கொடு என்பதற்குப் பதிலாக முதலில் கொடு என்று உனக்கோ எனக்கோ கேட்கத் தோன்றியிருக்கக் கூடாதா? இந்த வளைவில் நீயும் மெதுவாகத்தானே வந்திருப்பாய்?

பக்கத்தில் இருந்த அந்த அம்மா, ஏன் அழுவற என்றாள். தூசி என்றேன். நம்பவில்லை. கேட்கவும் இல்லை.

லாட்ஜ் பின்சுவர். கோவிந்தம்மா எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி மறுத்தாள். "உன் கடை சோறா? வேணாம்மா. ஒரு தபா பட்டது போதும்."

அந்த அம்மாதான் முன்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இது எங்க வேண்டுதல், இன்னும் ஒருத்தருக்கும் போடவில்லை, நீதான் முதல் என்றாள். கோவிந்தம்மா நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தட்டை நீட்டினாள். போட்டதும் உடனே வாயில் வைக்கவில்லை. குனிந்து முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள். அந்தப் பிரியாணியைப் போட்டு அதை அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அப்புறம் விரலை வைத்தாள். வைத்த விரலைச் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"சுடுதே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள், தினா. நம் கடையில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறாள். நாம் சூடு பண்ணித்தான் போட்டோம். ஆனால் ஒருமுறை ஆறிப்போனதைத்தான் சூடு பண்ணினோம். அது அவள் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை. ஊதி ஊதித் தின்றாள். பாதியில் நிமிர்ந்து, உப்பு கம்மி என்று அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். பட்டுப்புடவைக்காரி சிரித்துவிட்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஒன்றும் சரியாகவில்லை. ஒரு பௌர்ணமியில் ஒரு அண்டா. அவ்வளவுதான். கடை வீட்டுக்காரர் இன்னும் காலி பண்ணத்தான் சொல்கிறார். ஓட்டல்காரர்கள் திரும்பவில்லை. மற்ற நாளெல்லாம் கடையை எதை வைத்து ஓட்டுவது என்று தெரியவில்லை. வாரத்தில் பாதி நாள் ஷட்டரைத் தூக்கக்கூட என்னால் முடிவதில்லை. வருகிற பௌர்ணமிக்குப் பந்தல் போடுகிறவர்களிடம் முதல் அண்டா தருகிறீர்களா என்று கேட்டுப் போனேன். ஒரு குடும்பம் சரி என்றது, கூடவே வந்து போடுகிறோம் என்றது. இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மற்றவர்கள் பழைய பிரியாணியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வண்டியில் கொடுக்கிறவர்களையும் ஏற்றிப் போய், அவர்கள் கையாலேயே போடவைத்து, வண்டிக்கும் கடைக்கும் அவர்களிடமே கூலி வாங்குவது என்று ஒரு கணக்கு மனசில் ஓடுகிறது. நீ இருந்தால் அரை மணியில் அதைத் தொழிலாக ஆக்கியிருப்பாய். நான் மட்டும் உட்கார்ந்து யோசித்தால் தலைவலிதான் வருகிறது. ஏண்டா இப்படி அம்போ என்று விட்டுவிட்டுப் போனாய்?

உன் மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டுமானால் கடை பெயரையாவது மாற்றிவிடு என்றார். முதல் பந்தி என்று வைத்தால் நன்றாக இருக்குமாம். நான் மாற்ற மாட்டேன் என்றேன். உன் கையெழுத்து என்பதற்காக மட்டுமில்லை. கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள்தான் நம் ஆட்கள். அவர்கள் இலையில் முதல் அண்டாவைப் போட வேண்டும். அதற்கு அந்தப் பெயரே சரி.

அன்று அண்டாவின் அடியில் ஒரு கரண்டி சோற்றை எடுத்துவைத்துக்கொண்டு வந்தேன். அம்மா முன்னால் வைத்தேன். இன்னைக்குப் பௌர்ணமிடி என்றாள். தெரியும்மா, தினா அனுப்பினது என்றேன். தட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். அப்புறம் தின்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பெரிய வாக்கெல்லாம் இல்லை. கடை இருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. இந்த இடம் போனால் கோவிந்தம்மாவின் சுவரோரமாவது அண்டாவை இறக்குவேன். ஆனால் என் கையில் ஒரே ஒரு வண்டி ஓடுகிற வரைக்கும், அது அந்த வளைவில் மெதுவாகத்தான் திரும்பும். எந்தச் சோற்றுக்காகவும் எந்த வீட்டுப் பிள்ளையும் இனி பறக்க வேண்டாம். அண்டா சுடச்சுட இருக்கும், தினா. நிதானமாகப் போகலாம்.

இன்னும் உன்னைத் திட்டி முடிக்காத,
உன் அக்கா செல்வி